நடுவலிக்கு எதற்குக் காசு கொடுக்கலாம்: நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரத்துக்கான மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் முதுகுவலிக்காரருக்குப் போக இடத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி, ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, ஊருக்கு ஊர் பிசியோதெரபி கிளினிக், இவை எல்லாவற்றுக்கும் முந்திய வர்ம ஆசான்கள். ஒன்று விடாமல் எல்லா இடத்துக்கும் போய்வந்து, பை நிறைய ரிப்போர்ட்டும் அலமாரி நிறைய தைலக் குப்பியும் சேர்ந்த பிறகும் வலி விடாதவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. நடுவலி என்பது இடுப்புவலிதான்; அதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நீளும் வலியைப் பற்றி மட்டுமே பேச்சு. தேங்காய்ச் சாக்கைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது பெரும்பாலும் சில வாரத்தில் தானே இறங்கிவிடும். அதற்கு இவ்வளவும் வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பரிசோதித்துப் பார்த்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கும் காசுக்கு முதலிடம். கிழி (சூடான மருந்துப் பொட்டலம்), உழிச்சில் (எண்ணெய்த் தடவல்), கடிவஸ்தி (இடுப்பில் தைலம் நிறுத்துவது) நடுவில். இடுப்பு பெல்ட் சில வேலைகளுக்கு, சில மணி நேரத்துக்கு மட்டும். கரண்ட் வைத்து அனுப்பும் பத்து நாள் பேக்கேஜ் கடைசி.

ஆனால் இதில் எதற்கும் காசு கொடுக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது அறியாமல் போவது, மலக்கட்டுப்பாடு தவறுவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று கொள்ள வேண்டும். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நாளை காலை பார்க்கலாம் என்று படுத்தால் சிறுநீர்ப்பை நிரந்தரமாகவே கெடலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய், படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உட்படப் பலதையும் பார்த்துத் தள்ளிய பிறகே மற்றது.

இளவயதுக்காரர்களிடம் தவறவிடப்படும் இன்னொன்றும் இருக்கிறது. நாற்பது வயதுக்குள் தொடங்கிய வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைவு, ஓய்வெடுத்தால் கூடுதல், பின்னிரவில் வலியால் விழிப்பு: இப்படி இருந்தால் முதுகெலும்பு மூட்டுகள் அழன்று இறுகும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். இதற்கு மூட்டுவாத நிபுணரான ரூமட்டாலஜிஸ்ட்டிடம் மருந்து இருக்கிறது. தைலம் போட்டுக்கொண்டே வருடங்களை ஓட்டினால் முதுகு இறுகி ஒரே எலும்பாகிவிடலாம்.

அடுத்து ஸ்கேன். "எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்" (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் என்ற ஜவ்வு பிதுங்கியிருக்கிறது) என்ற வரி இல்லாத ரிப்போர்ட்டை இப்போது பார்ப்பதே அரிது. அதைப் படித்துவிட்டு ஜவ்வு விலகிவிட்டது, இனி குனியவே கூடாது என்று முடிவுகட்டுவதுதான் பாதிப் பேருக்குப் பெரிய கேடு. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரை மாதிரி, வயதோடு வருவது அது. ஸ்கேனில் இருப்பது உங்கள் வலிக்குக் காரணமா என்பதை உடம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாக அழுத்துவது எல்5 நரம்பை. வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறம், பெருவிரல் வரை போகும். குதிகாலில் மட்டும் ஊன்றி நடக்கத் தடுமாறும். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்5-எஸ்1 டிஸ்க் அழுத்துவது எஸ்1 நரம்பை. வலி கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் வரை இறங்கும். அந்தக் காலின் நுனிவிரலில் எழும்பி நிற்க வராது. ரிப்போர்ட்டில் இடப்பக்கம் என்றிருந்து வலி வலப்பக்கம் என்றால், அந்த ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம்.

இனி பிசியோதெரபி. நல்ல கிளினிக்கை முதல் நாளிலேயே கண்டுகொள்ளலாம். என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த நேரத்தில் வலி கூடுகிறது, உட்கார்ந்தாலா நின்றாலா என்று முதலில் கேட்பார்கள். பிறகு குதிகாலிலும் நுனிவிரலிலும் நடக்கச் சொல்வார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார்கள். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே வெட்டி இறங்கினால் நரம்பு இழுபடுகிறது. தொடையின் பின்புறம் இறுகுவதோடு நின்றால் அது வெறும் தசை. முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். தொடைமூட்டைச் சுழற்றிப் பார்ப்பார்கள், ஏனென்றால் தொடைமூட்டுத் தேய்மானமும் இடுப்புவலி என்று வேடம் போடும். கடைசியாக, பத்து முறை குனிந்தும் பத்து முறை பின்னால் வளைந்தும் வலி எங்கே நகர்கிறது என்று கேட்பார்கள். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும்.

ரிப்போர்ட்டைப் புரட்டியதும் "படுங்க" என்று சொல்லி, நான்கு பட்டையை ஒட்டி ஐ.எஃப்.டி. என்ற வலி மழுக்கும் கரண்டை 15 நிமிடம், ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் 7 நிமிடம், இயந்திரத்தால் இடுப்பை இழுக்கும் இழுவை 15 நிமிடம், "நாளைக்கு இதே நேரம்" என்று அனுப்பும் இடம்தான் அந்தக் கடைசி ரகம். கரண்ட் வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மழுக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும். தசைக்குப் பலமோ, முதுகுக்குச் சுமை தாங்கும் திறனோ அதனால் கூடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டுதலும் இழுவை, அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற இதே மாதிரியான கரண்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. அது பரிந்துரைக்கும் பட்டியலில் உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மசாஜ், மூட்டைக் கையால் அசைக்கும் சிகிச்சை, வலியைப் பற்றிய பயத்துக்கான மனநலச் சிகிச்சை எல்லாம் உண்டு. வலி கடுமையாக இருக்கும் நாளில் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் கரண்ட் வைத்துத் தணிப்பதில் தப்பில்லை. கரண்ட் மட்டுமே சிகிச்சை என்றால்தான் காசுக்குக் கேடு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அதன் பக்கமே போகக் கூடாது.

பயிற்சி எல்லாருக்கும் ஒன்றல்ல. குனிந்தாலும் உட்கார்ந்தாலும் கூடி, நடந்தால் குறையும் வலிக்கு, நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி வகுத்த முறை நன்றாகப் பிடிக்கும். கவிழ்ந்து படுத்து இரண்டு மூன்று நிமிடம். முழங்கையை ஊன்றி மேலே பார்த்து இரண்டு மூன்று நிமிடம். பிறகு உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே தளரவிட்டு, மேலுடம்பை மட்டும் பத்து முறை எழுப்புவது. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையில் இருந்தது இடுப்புக்கும் ஏறினால் சரியான பாதை. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். வலி கீழே இறங்கினால் அப்போதே நிறுத்திவிட்டுத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது பல நேரம் நேர் எதிர். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ தெளியும் என்றால் நரம்பு போகும் வழி சுருங்கியிருக்கிறது. இவர்களைப் பின்னால் வளையவைத்தால் வலி ஏறும். முழங்காலை நெஞ்சோடு அணைப்பதும், நின்ற இடத்தில் ஓடும் சைக்கிளை மிதிப்பதும் இவர்களுக்கு ஆகும். உட்காராமல் சும்மா நின்றாலே தெளிந்துவிடுகிறது என்றால் முதுகை விட்டுவிட்டுக் காலின் ரத்தக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக சர்க்கரையோ பீடியோ இருந்தால்.

பலம் ஏற்ற, கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் தேர்ந்தெடுத்த மூன்று பயிற்சி போதும். மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, இடுப்பின் வளைவுக்கு அடியில் கையைக் கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே தூக்குவது முதலாவது. ஒருக்களித்து முழங்கையிலும் முழங்காலிலும் ஊன்றி இடுப்பை உயர்த்துவது அடுத்தது. நாலுகாலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பத்து விநாடி பிடித்து, முதல் சுற்றில் ஆறு தடவை, அடுத்ததில் நாலு, கடைசியில் இரண்டு. கெட்டுப்போகும் இடங்களும் வழக்கமானவைதான்: மூச்சைப் பிடித்துக்கொள்வது, முதல் பயிற்சியில் முழுதாக எழுந்து உட்காரப் பார்ப்பது, மூன்றாவதில் காலை இடுப்புக்கு மேலே தூக்கி முதுகை வளைத்துவிடுவது. பயிற்சிக்குப் பின் வலி கொஞ்சம் கூடி மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் அதே அளவில் தொடரலாம். மறுநாளும் இறங்கவில்லை என்றால் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. ஆறு வாரத்துக்கு முன் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இந்த மாவட்டத்தில் பல பிசியோதெரபிஸ்டுகள் கேட்க மறக்கும் கேள்வி வேலையைப் பற்றியது. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் மற்ற நேரத்தைவிட மிக அதிகம். ரப்பர் வெட்டுக்காரர் எழுந்த கையோடு தோட்டத்துக்குப் போய்க் குனிவது சரியாக அந்த நேரத்தில்தான். வெட்டு நேரத்தை மாற்ற முடியாது, விடியலில்தான் பால் நன்றாக ஓடும். ஆனால் முக்கால் மணி முன்னதாக எழுந்து நடமாடலாம். உயரத்தில் வெட்டுள்ள மரங்களை முதலில் முடித்துவிட்டு, தாழ்ந்த வெட்டுள்ளவற்றைக் கடைசிக்கு விடலாம். தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பை மடக்காமல் ஒரு முழங்காலை ஊன்றலாம். பாலை ஒரு கையில் நிறை வாளியாகச் சுமக்காமல் இரண்டு கையிலும் அரை வாளியாக எடுக்கலாம். முந்திரி ஆலையில் உட்கார்ந்து உடைப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் ஐந்து முறை வளைந்தாலே மாலை வலியில் வித்தியாசம் தெரியும். இதையெல்லாம் சொல்லித்தராத கிளினிக் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பிரயோசனமில்லை.

நடமாட முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், கட்டணமில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தினமும் வரமாட்டார்கள், வந்த அன்றைக்கே பயிற்சியை வீட்டில் ஒருவர் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

எண்ணெய்ச் சிகிச்சைகளில் நடுவலிக்கென்றே உள்ளது கடிவஸ்தி. உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து இடுப்பின் மேல் வட்டமாக வரப்பு கட்டி, அதற்குள் இளஞ்சூடாகத் தைலத்தை விட்டு, ஆற ஆறப் பஞ்சால் எடுத்துச் சூடாக்கித் திரும்ப விட்டு, முக்கால் மணி வரை வைத்திருப்பார்கள். தன்வந்தரம், சகசராதி, கொட்டம்சுக்காதி என்று வைத்தியருக்கு ஏற்ப எண்ணெய் மாறும். மாவு இளகியிருந்தால் எண்ணெய் ஓரத்தில் கசிந்து பாதி நேரம் துடைப்பதிலேயே போகும். முதுகில் முடி அதிகமிருந்தாலும் மாவு பிடிக்காது. சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளம் வரும். ஆகவே ஊற்றுபவர் தன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுகிறாரா என்று பாருங்கள். ஒருவருக்கு விட்ட எண்ணெயை அவருக்கே மறுநாளும் பயன்படுத்துவது வழக்கம்தான். அடுத்தவருக்கு மாற்றுகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதனால் கிடைப்பது என்ன? இறுகிப்போன தசை இளகும், நன்றாகத் தூக்கம் வரும், வலி பல நாள் அடங்கும். தைலம் தோல் வழியாக இறங்கி டிஸ்க்கைச் சரிசெய்யும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். டிஸ்க் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. ஏழு நாளோ பதினாலு நாளோ சிகிச்சை முடிந்ததும் "பத்தியம்" என்று இன்னும் அத்தனை நாள் படுத்திருக்கச் சொல்வதுதான் கிடைத்ததைக் கெடுக்கிறது. படுக்கையில் தசை வேகமாக மெலியும். கிழி வைத்து உடம்பு இளகியிருக்கும் அந்த வாரம்தான் பயிற்சி தொடங்கத் தோதான வாரம். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒப்புக்கொள்ளும் வைத்தியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செலவுக்குப் பயந்தால் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவமனையில் காட்டிவிட்டு, பிறகு தனியார் இடங்களை யோசிக்கலாம்.

வர்மம் என்பது உடம்பின் முக்கியப் புள்ளிகளைத் தொட்டு அழுத்திச் செய்யும் வைத்தியம்; அதில் 108 புள்ளிகள் என்பது கணக்கு. முதுகுக்குச் செய்வது பெரும்பாலும் தொக்கணம் என்ற அழுத்திப் பிடிக்கும் முறையும் காயத்திருமேனித் தைலத் தடவலும்தான். நல்ல ஆசான் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவார், வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார், கால் தளர்ந்திருந்தால் தொடாமலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். சொல்லாமல் கொள்ளாமல் இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பவரிடம் எலும்பு தேய்ந்த வயதானவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் படுக்கக் கூடாது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் பொடி கொடுத்து, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள். பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் பொட்டலத்தோடு போக வேண்டும்.

பெல்ட்டுக்கு வருவோம். மெடிக்கலில் பேன்ட் சைஸைச் சொல்லி வாங்குவதுதான் முதல் தப்பு. தொப்புள் மட்டத்தில் சுற்றளவை டேப்பால் எடுத்து, பெட்டியிலுள்ள அளவோடு பார்க்க வேண்டும். நின்றுகொண்டு கட்டினால் மேலேறிவிடும். மல்லாக்கப் படுத்து, கீழ் விளிம்பு இடுப்பெலும்பைப் பிடிக்கும்படி வைத்து, வெளிப்பட்டையை மூச்சு விட்ட பிறகு இழுத்து ஒட்ட வேண்டும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். பின்பக்கக் கம்பிகள் முதுகின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும், எலும்பின் மேல் ஏறினால் தோல் கன்றும். நம்மூர்ப் புழுக்கத்தில் பனியன் போடாமல் கட்டினால் ஒரு வாரத்தில் வேர்க்குரு நிச்சயம். ஒட்டுப்பட்டையில் நூல் சேர்ந்தால் பிடி விட்டுவிடும், பழைய பல் பிரஷால் எடுக்கலாம். சுமை தூக்கும் நேரத்துக்கும் நீண்ட பஸ் பயணத்துக்கும், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் கட்டினால் போதும். தூங்கும்போது வேண்டாம். நாள்பட்ட வலிக்கு வழக்கமாக பெல்ட் தர வேண்டாம் என்கிறது முன்பு சொன்ன அதே வழிகாட்டுதல். வருடக்கணக்காகக் கட்டியிருப்பவர் ஒரே நாளில் கழற்றாமல் வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் குறைப்பதே சரி.

மெத்தையில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த ஆய்வில், ரொம்பக் கட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கட்டியானது வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆகவே பலகையில் படு, தரையில் படு என்ற பழைய புத்திமதிக்கு ஆதாரமில்லை. நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையே போதும். நடுவில் குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இரண்டு முழங்காலுக்கு இடையில் ஒரு தலையணை.

மாத்திரை, ஊசி, ஆபரேஷன் பற்றிச் சுருக்கமாக. அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகைகள் வலி ஏறும் சில நாட்களுக்குத்தான். மாதக்கணக்கில் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டால் சிறுநீரகமும் வயிறும் அடிபடும். காலில் இறங்கும் நரம்புவலிக்கு அடிக்கடி எழுதப்படும் பிரிகாபாலின், 2017இல் வெளியான ஆய்வில் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடப் பலன் தரவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. அதை எடுப்பவர்கள் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி கால்வலியைச் சில வாரம் தணிக்கும். ஆபரேஷன் நன்றாகப் பலிப்பது ஸ்கேனும் பரிசோதனையும் ஒத்துப்போகிற கால்வலிக்கு. காலுக்கு இறங்காத வெறும் இடுப்புவலிக்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. கால் பலவீனம் கூடிக்கொண்டே போனால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சைத் தேதி குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் அனுமதி கேட்டு வையுங்கள்.

பணம் கட்டும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் தொகையை முன்கூட்டியே கட்டாமல், முதல் இரண்டு தடவைக்கு மட்டும் கொடுங்கள். முதல் நாள் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, குனிந்தால் விரல் எதுவரை எட்டுகிறது என்ற மூன்றையும் அவர்களையே சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதித்தர மறுக்கும் இடத்தில் மூன்றாம் தடவைக்குக் காசு கட்ட வேண்டாம்.